ஓசி சிக்கன் டோக்கன்

அத்தியாயம் 14

காலை ஒன்பதரை மணிக்குக் கடை ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கிய செம்பியன், குனிந்து வெளியே பார்த்துவிட்டு மறுபடி இறக்கினான்.

"என்னாண்ணே?" என்றாள் வெண்மதி.

"நீயே பாரு. ஒன் வேலைதானே."

அவள் தூக்கிப் பார்த்தாள். கால்கள் தெரிந்தன. செருப்புக் கால்கள், வெறுங்கால்கள், கொலுசுக் கால்கள், சேறு காயாத கால்கள். கடை வாசலில் தொடங்கி சிதம்பரம் ரயிலடிக்குப் போகும் ரோடு முழுக்கக் கால்கள்.

நூறு பேர் வருவார்கள் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு சிக்கன் துண்டு, ஒரு பன், ஒரு மயோனைஸ் கிண்ணம் வைத்த டப்பாவைப் படம் எடுத்து, 'இந்தப் படத்தை ஷேர் செய்யுங்கள், பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், ஒரு டப்பா இலவசம்' என்று ஃபேஸ்புக்கில் போட்டாள். அடியில் சின்ன எழுத்தில் 'முதல் நூறு பேருக்கு மட்டும்' என்றும் எழுதினாள். முந்நூற்றுச் சொச்சம் லைக் வாங்கிய பக்கம் அது. பல்கலைக்கழகப் பையன்கள் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். சனிக்கிழமை சாயந்திரம் பார்த்தபோது பதினோராயிரம் பேர் ஷேர் செய்திருந்தார்கள்.

அப்போதும் அவள் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டாள். இந்த ஏழு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் சந்தோஷப்பட்டதே இல்லை.

போன டிசம்பரில் 'தானே' புயல் பண்ருட்டிப் பக்கத்து ஊரில் அவர்களுடைய பலாத் தோப்பை வேரோடு பெயர்த்துப் போட்டது. மூன்றாம் நாள், நிவாரணத்துக்கு ரேஷன் கார்டு கேட்கிறார்கள் என்று கார்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போன அப்பா தட்சிணாமூர்த்தி திரும்பவில்லை. பெண்ணையாற்றங்கரையில் அவருடைய குடையும் செருப்பும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. அம்மா ஞானாம்பாளைக் கூட்டிக்கொண்டு அண்ணனும் தங்கையும் கடலூருக்கு வந்து திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்குக் குடியேறினார்கள். செம்பியன் சிதம்பரத்தில் சிக்கன் கடை போட்டான்.

அப்பா வடலூர் சன்மார்க்க வழிக்காரர். முட்டை வைத்த தட்டில்கூடச் சாப்பிட மாட்டார். அம்மாவும் அப்படியே. அவர் இருந்திருந்தால் இந்தக் கடை இல்லை என்று அம்மா ஒரே தடவை சொன்னாள். அதோடு கடைப் பக்கம் வரவில்லை.

இப்போது ஆடி அமாவாசை வருகிறது. புதன்கிழமை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பையில் உருவம் செய்து வைத்து அவருக்குக் காரியம் முடித்துவிடலாம் என்று தாய்மாமா உத்திராபதி சொல்லியிருந்தார். வடலூர் வழியில் காரியமும் கிடையாது, தாலி வாங்குவதும் கிடையாது. மாமாவுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு வியாழக்கிழமை சரி என்றாள். புதன்கிழமை அவள் கழுத்துத் தாலி இறங்கும்.

அந்த வீட்டில் இருந்துதான் வெண்மதி காலையில் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"தொறண்ணே. நூறு பேருக்குக் குடுத்துட்டு மூடிரலாம்."

"நூறு பேரா? எண்ணிப் பாத்தியா வெளிய?"

வறுக்கும் இடத்திலிருந்து ஆரோக்கியராஜ் தலையை நீட்டினான். கடையில் வேலை செய்பவன், செம்பியனுக்குச் சிநேகிதனும்கூட. "மச்சான், தொறக்கலன்னா அவுங்களே தொறந்துருவாங்க. எண்ணெய் வேற காஞ்சிருச்சு."

ஷட்டர் ஏறியது.

முதலில் வந்த அம்மாள் கையில் தூக்கு வாளி இருந்தது. பல்கலைக்கழகப் பையன்கள் யாரையும் காணோம். எல்லாம் நாற்பது, ஐம்பது வயசு ஆட்கள்.

"ஏம்மா, கார்டுக்கு எத்தினி பீஸு?" என்றாள் அந்த அம்மாள்.

"எந்தக் கார்டு?"

"ரேஷன் கார்டுதான். எங்க கார்டுல அஞ்சு பேரு இருக்கோம். எங்க மாமியார் படுத்த படுக்கை, அது வராது. அதுக்கும் சேத்துக் குடுத்துரு."

அவள் நீட்டிய தாளை வெண்மதி வாங்கிப் பார்த்தாள். அவள் போட்ட படம்தான். பெரிய தாளில் நாலு படம் வருகிற மாதிரி அடித்து, கத்தரியால் வெட்டியிருந்தார்கள். அடியில் இருந்த 'முதல் நூறு பேருக்கு மட்டும்' கத்தரியோடு போயிருந்தது. மேலே ஒரு பிரவுசிங் சென்டரின் ரப்பர் ஸ்டாம்ப். பின்னால் ஸ்டேப்ளர் போட்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸ்.

"ஃபேஸ்புக்ல ஷேர் பண்ணீங்களா?"

"அதெல்லாம் கடைக்காரரே பண்ணிட்டாரு. பத்து ரூவா குடுத்தேன். கார்டு ஜெராக்ஸ் வைக்கலன்னா தர மாட்டாங்கன்னாரு, அதுக்கு ஒரு ரூவா."

வெண்மதிக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எது வாங்கவும் கார்டு ஜெராக்ஸ் வேண்டும். அரிசிக்கு, பாய்க்கு, தார்ப்பாய்க்கு, எல்லாவற்றுக்கும். டோக்கன் என்று ஒரு தாள் கைக்கு வந்தால் பின்னால் ஜெராக்ஸ் குத்துவது ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பிரவுசிங் சென்டர்காரனுக்கும் பழக்கமாகிவிட்டது. அவள் இலவசம் என்று எழுதினாள். அவர்கள் அதை நிவாரணம் என்று படித்தார்கள்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சத்தமாகவே சொன்னார். "புயல் அடிச்சு ஏழு மாசம் ஆவுது. இப்பத்தான் கோழி வந்து சேருது."

"வரட்டும், விடு. மொதல்ல அரிசி குடுத்தான். இப்ப கொழம்புக்குக் குடுக்குறான்" என்றார் இன்னொருவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

ஆரோக்கியராஜ் டப்பா கொடுத்து டோக்கனை வாங்கிக் கம்பியில் குத்தினான். செம்பியன் உள்ளே வறுத்தான். வெண்மதி வெளியே நின்று வரிசையை நேராக்கப் பார்த்தாள். நேராக்கினால் வளைந்தது. பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. பதினோரு மணிக்குக் கோழி தீர்ந்தது. தீர்ந்துவிட்டது என்று செம்பியன் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நிவாரணத்தில் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முன்னால் இருந்தவர்கள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். கண்ணாடிக் கதவு ஒரு சத்தத்தோடு போனது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவள் மேல் ஒரு வாளி விழுந்தது. வெண்மதி அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து தண்ணீர் தெளித்தாள். அவள் கண் திறந்து முதலில் கேட்டது, "எங்க டோக்கன் எங்க?"

போலீஸ் வந்தது. பத்து நிமிஷத்தில் ரோடு காலியானது. செருப்புகள் மட்டும் கிடந்தன. ஜோடி சேராத செருப்புகள்.

இன்ஸ்பெக்டர் குரல் உயர்த்தவில்லை. "யாரு ஓனரு? வண்டில ஏறுங்க தம்பி. எழுதிக் குடுத்துட்டு வரலாம்." பிறகு வெண்மதியைப் பார்த்தார். "வாங்குன டோக்கன் எல்லாத்தையும் ஊர் வாரியாப் பிரிச்சு எடுத்து வைம்மா. எவன் அடிச்சு வித்தான்னு பாக்கணும்."

செம்பியன் வண்டியில் ஏறும்போது தங்கையைத் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று கம்பிகளில் டோக்கன் இருந்தது. உடைந்த கண்ணாடியை ஆரோக்கியராஜ் கூட்டிக்கொண்டிருக்க, அவள் தரையில் உட்கார்ந்து ஸ்டாம்பைப் பார்த்துப் பிரித்தாள். புவனகிரி ஒரு கட்டு. பரங்கிப்பேட்டை ஒரு கட்டு. கிள்ளை ஒரு கட்டு. பிச்சாவரத்துப் படகுத் துறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தெல்லாம் ஜனங்கள் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள், இரண்டு துண்டுக் கோழிக்கு.

கிள்ளைத் தாள்களில் பாதி பிரித்திருப்பாள். ஒரு ஜெராக்ஸில் 'வெண்மதி, மகள், 17' என்று இருந்தது.

தன் பேரில் இன்னொரு பெண் என்றுதான் முதலில் நினைத்தாள். மேல் வரியைப் பார்த்தாள். 'செம்பியன், மகன், 20.' ரேஷன் கார்டில் வயது ஏறுவதில்லை. கார்டு எடுத்த வருஷம் அவளுக்குப் பதினேழு.

தாளின் மூலையில் கறுப்பாக விழுந்த ஒரு போட்டோ. நெற்றியில் திருநீறு. இடது காது மடலில் சின்ன வெட்டு.

அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்தாள்.

"ஆரோக்கியம்ண்ணே."

"என்னா மதி?"

"இந்த டோக்கன் குடுத்த ஆள ஞாபகம் இருக்கா?"

"முந்நூறு பேரு வந்தாங்க. எவனுக்குத் தெரியும்?"

அவள் செல்போனில் அப்பாவின் படத்தை எடுத்து நீட்டினாள். கடையில் அவர் படம் கிடையாது. கோழி வறுக்கும் இடத்தில் அவரை மாட்டுவது யாருக்கும் சரியாகப் படவில்லை. கடை திறந்த பிறகு வேலைக்கு வந்த ஆரோக்கியராஜ் அவரைப் பார்த்ததே இல்லை.

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனை வாங்கினான். "தாடி வெச்சிருந்தாரு. ஆனா இவருதான். காதப் பாத்தா தெரியுதே. கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்தாரு. யாரு இவரு?"

"என்னா பேசுனாரு?"

"எலும்பு இல்லாததாப் பாத்துக் குடுப்பான்னாரு. எல்லாம் எலும்போடதான் பெரியவரே, நீங்க மென்னு சாப்புடுங்கன்னேன். எனக்கு ஆவாதுப்பா, வீட்டுல சாப்புடுவாங்கன்னாரு."

"வீட்டுலயா?"

"ஆமா. வீட்டுல. அப்புறம் ஒன்னைக் காட்டி, வெளிய நிக்கிற பொண்ணு யாருன்னு கேட்டாரு. ஓனர் தங்கச்சின்னேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. பின்னாடி இருந்தவன் தள்ளுனான். சரின்னுட்டுப் போயிட்டாரு." அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "மதி, யாரு அது?"

"எங்க அப்பா."

ஆரோக்கியராஜ் துடைப்பத்தை எடுத்தான். மறுபடி சாய்த்து வைத்தான். புதன்கிழமை காரியத்துக்கு வாழை இலை வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டவன் அவன்தான்.

மூன்று மணிக்கு செம்பியன் வந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கடையை ஒரு வாரம் மூடச் சொல்லிவிட்டார்கள் என்றான். அவள் தாளை நீட்டினாள்.

அவன் நின்றபடியே பார்த்தான். பிறகு உட்கார்ந்து பார்த்தான். ஆரோக்கியராஜ் தான் கண்டதை இன்னொரு தடவை சொன்னான். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அண்ணன் அழுவான், இல்லை எழுந்து கிள்ளைக்கு ஓடுவான் என்று வெண்மதி எதிர்பார்த்தாள். அவன் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தான்.

"இதப் பாத்தியா?"

"எத?"

"அம்மா பேரு."

அவள் பார்த்திருக்கவில்லை. தன் பேரையும் அப்பா முகத்தையும் பார்த்ததோடு கண் நின்றுவிட்டது. 'ஞானாம்பாள், மனைவி' என்ற வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் 'இறப்பு 30.12.2011.' அதன் மேல் பாதி விழுந்த ஒரு வட்ட முத்திரை, ஜெராக்ஸில் எழுத்து தெரியவில்லை. மற்ற பேர்கள் அப்படியே இருந்தன.

எழுத்து அப்பாவுடையது. 'இ' போடும்போது சுழியை உள்ளே இழுத்து முடிச்சுப் போடுவார். அவளுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டையில் பத்து வருஷம் பார்த்த எழுத்து.

"மதி, அம்மாகிட்ட சொல்லாத" என்றான் செம்பியன்.

"என்னாண்ணே பேசற?"

"சொல்லாதன்றேன். புதன்கிழமை மாமா சொன்ன மாதிரி முடிச்சிருவோம்."

"உசுரோட இருக்குற மனுஷனுக்கா?"

"அவரு முடிச்சிட்டாரே. மொதல்ல யாரு முடிச்சது, பாரு." அவன் விரல் அந்தத் தேதியில் நின்றது. "ஏழு மாசமா ஆத்தங்கரை ஆத்தங்கரையாத் தேடுனேன். தேவனாம்பட்டினத்துல ஒரு பொணம் ஒதுங்கிருக்குன்னு போய்ப் பாத்தேன், துணிய வெலக்கி மூஞ்சியப் பாத்தேன். இவரு இல்ல, நல்லதாப் போச்சுன்னு பஸ்ஸ்டாண்டுல ஒக்காந்து அழுதேன். இவரு இங்க வந்து எலும்பில்லாத பீஸ் கேக்குறாரு."

"எதாவது காரணம் இருக்கும்."

"இருக்கும். வீட்டுல கேட்டாத் தெரியும்." அந்த 'வீட்டுல' என்ற வார்த்தையை அவன் துப்பினான்.

தாளை அவன் மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனான். அவள் பிடுங்கிக்கொண்டாள். கிழிந்துவிடும் என்ற பயத்தில் அவன்தான் விட்டான்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தாள். அப்பா இருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம். டோக்கனை மட்டும் காட்டி ஜெராக்ஸைக் கிழித்துவிடலாம். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒன்று புரிந்தது. அண்ணன் சொல்வதைக் கேட்டால் அம்மா புதன்கிழமை விதவை. கேட்காவிட்டால் அம்மா டிசம்பரிலேயே செத்தவள். நடுவில் வேறு இடம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு. ஞானாம்பாள் கூடத்தில் முறத்தை வைத்து எள்ளில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்கு. பக்கத்தில் மாமா வாங்கிக் கொடுத்த வெள்ளைப் புடவை பிரிக்காத கவரில் இருந்தது.

"டிவில காட்டுனாங்க" என்றாள் நிமிராமல். "கடைய ஒடைச்சிட்டாங்களாமே. ஒனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"ஓசின்னா எழுதுவ? இந்த ஊருல ஓசின்னா எழுதுவ? ஒங்கப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வியாழக்கிழமையிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் முடிப்பதில்லை.

வெண்மதி பையைத் திறந்தாள். பேசினால் அழுகை வரும். அம்மாவுக்கு அழுகிறவர்களைப் பிடிக்காது. தாளை எடுத்து முறத்தில், எள்ளின் மேல் வைத்தாள்.

ஞானாம்பாள் எட்டாவது வரை படித்தவள். எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். போட்டோவைத் தொட்டாள். மகன் பேரைத் தொட்டாள். மகள் பேரைத் தொட்டாள். கோடு போட்ட வரிக்கு வந்து விரல் நின்றது.

"இது எங்க கெடைச்சிது?"

"இன்னைக்கு வந்தாரும்மா. கடைக்கு. டோக்கன் குடுத்து டப்பா வாங்கிட்டுப் போயிருக்காரு. நான் பாக்கல. ஆரோக்கியம்ண்ணன் பாத்துருக்கு." பிறகு மற்றதையும் சொன்னாள். கிள்ளை ஸ்டாம்பை, எலும்பில்லாத துண்டை, வீட்டுல சாப்புடுவாங்க என்றதை. ஒன்றையும் விடவில்லை. விட்டால் திரும்பச் சொல்லத் தைரியம் வராது என்று தெரிந்தது.

ஞானாம்பாள் அழவில்லை. தாலியைத் தொடவும் இல்லை. தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பதாம் தேதிதான புயல்? அன்னைக்கு ஓடு பறக்கும்போது ரெண்டு பேரும் ஒரே கட்டிலுக்கு அடியிலதான் ஒக்காந்திருந்தோம். எங் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தாரு." முறத்தை நகர்த்தி வைத்தாள். "அப்பவே செத்துட்டேம்போலருக்கு. எனக்குத்தான் தெரியல."

"அம்மா."

"எழுத்து அவருதுதான். தெளிவாத்தான் எழுதியிருக்காரு. புத்தி கெட்டவன் எழுத்து இப்டி இருக்காது."

ஜெராக்ஸை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எள்ளை மறுபடி டப்பாவில் கொட்டி மூடினாள். அதைப் பரணில் போடுவாள் என்று வெண்மதி நினைத்தாள். கண் எதிரே அலமாரியில்தான் வைத்தாள்.

"மாமாவுக்குப் போன் பண்ணி அமாவாசை வேணாம்னு சொல்லட்டுமாம்மா?"

"யாரு வேணாம்னது? எள்ளு இருக்கட்டும். யாருக்குன்னு நாளைக்குத் தெரியும்."

அம்மாவின் குரல் எப்போதும் போலவே இருந்தது. காய்கறிக்காரனிடம் பேசும் குரல்.

"காலைல கிள்ளைக்குப் போறேன். ஸ்டாம்ப் அடிச்ச கடைல கேட்டா வீடு தெரியும். நீயும் வா. செத்தவ வாசல்ல வந்து நிக்கிறத அவரு பாக்கட்டும்." சமையலறைக்குப் போகத் திரும்பியவள் நின்றாள். "ஒங்கண்ணனுக்குப் போன் போடு. வர்றப்ப ஒரு டப்பா வறுத்து எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

"கோழியாம்மா? யாருக்கு?"

"வீட்டுல சாப்புடுவாங்கன்னு சொன்னாருல்ல" என்றாள் ஞானாம்பாள். "மொதத் தடவையா போறோம். வெறுங்கையோடவா போறது? எலும்பு இல்லாம பாத்துப் போடச் சொல்லு."